ஒவ்வாமை இருமல்: ஒரு மருத்துவ வரலாற்றுப் பார்வை



மார்கழி, தை மாதங்களில் பஜ்ருத் தொழுகைக்கு வருவோர் அனைவரும் அறிந்த ஒன்று உண்டு. இமாம் கிராஅத் ஓதும் அமைதியில் ஏதேனும் ஒரு ஸஃப்பிலிருந்து வறட்டு இருமல் ஒன்று எழும். அடக்க அடக்க அது பெருகும். இருமுகின்றவருக்குக் காய்ச்சல் இராது. சளியும் பெரிதாக வராது. பகலில் கடையிலோ அலுவலகத்திலோ நன்றாகவே இருப்பார். இரவு படுத்த பின்னும் விடியற்காலையிலும் மட்டும் இருமல் வந்து சேரும். இரண்டு மூன்று புட்டி இருமல் மருந்து தீர்ந்திருக்கும். ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒரு சுற்று முடிந்திருக்கும். இருமல் மட்டும் போயிராது.

வாரக்கணக்கில் நீளும் இத்தகைய இருமலுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று ஒவ்வாமையாகும். இதற்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் அது ஒரே நாளில் கிடைத்ததன்று. பாக்தாதிலும் கெய்ரோவிலும், இலண்டனிலும் நமது பழைய சென்னை மாகாணத்திலும் வாழ்ந்த மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த அறிவு அது. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால், மருத்துவர் இருமல் மருந்தை நிறுத்தச் சொல்வது ஏன், மூக்கையும் நெஞ்சையும் சேர்த்துச் சோதிப்பது ஏன், தலையணையையும் மெத்தையையும் பற்றி விசாரிப்பது ஏன் என்பவை தாமே விளங்கும்.

பல்கின் அறிஞரும் ரோஜா மலரும்

இன்றைய ஈரானில் உள்ள ரய் நகரில் கி.பி. 865ஆம் ஆண்டு பிறந்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸீ. ரய் நகரிலும் பாக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை ஏற்றவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி எழுதிய நூலால் உலகப்புகழ் பெற்றவர். அவர் எழுதிய சிறு நூல்களுள் ஒன்று நமது பொருளுக்கு மிக நெருக்கமானது.

அவருடைய காலத்தில் வாழ்ந்த பேரறிஞர் அபூஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் நகரத்தைச் சேர்ந்தவர், புவியியல் அறிஞர், உடல் நலத்தோடு உள்ள நலத்தையும் இணைத்து நூல் செய்தவர். இவருக்கு வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போதெல்லாம் கடும் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். அதன் காரணத்தை ஆராய்ந்து அர்ராஸீ தனி நூல் ஒன்றையே எழுதினார். இந்நூல் இன்றும் கிடைக்கிறது. பருவகால ஒவ்வாமையைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய மருத்துவ விளக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுகின்றனர்.

அக்கால மருத்துவக் கொள்கையின்படி உடலின் நீர்மங்களைக் கொண்டுதான் அர்ராஸீ நோயை விளக்கினார். அவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அவர் தொடுத்த வினா இன்றும் ஒவ்வாமை மருத்துவத்தின் முதல் வினாவாகும். எந்தப் பருவத்தில் வருகிறது? எதை முகர்ந்தால் வருகிறது? பலரும் மகிழ்ந்து முகரும் மலர் இவரை மட்டும் வருத்துவது ஏன்?

ஜலதோஷத்திற்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். மூக்கு முதல் நுரையீரல் வரை காற்று செல்லும் வழி ஒன்றே. ஒவ்வாமையால் மூக்கில் ஊறும் நீர் படுத்திருக்கும்போது தொண்டையின் பின்புறம் வடிந்து இருமலைத் தூண்டும். ஆகவேதான் நாட்பட்ட இருமலோடு வருபவரிடம், காலையில் அடுக்குத் தும்மல் உண்டா, கண் அரிக்கிறதா என்று மருத்துவர் கேட்கிறார். இத்தகையோருக்கு மூக்கிற்குரிய தெளிப்பு மருந்தே இருமலைத் தீர்த்துவிடுவதும் உண்டு.

அர்ராஸீக்குப் பின்வந்த இப்னு ஸீனா (980-1037) தமது ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் மூச்சுறுப்புகளின் நோய்களை விரிவாக வகைப்படுத்தினார். அடுத்து, கெய்ரோவில் ஐயூபிய அரசவையின் மருத்துவராகப் பணியாற்றிய யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், 1190ஆம் ஆண்டையொட்டி, உயர்குடி நோயாளி ஒருவருக்காக மூச்சிரைப்பு நோய் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். ஒரே மருந்தில் நோயை ஓட்டிவிடலாம் என்னும் ஆசையை அவர் வளர்க்கவில்லை. உணவு, உறக்கம், உள்ள அமைதி ஆகியவற்றோடு, சுவாசிக்கும் காற்றின் தூய்மைக்கும் பெரும் இடம் தந்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நகரத்துக் காற்றின் மாசினை ஒரு மருத்துவர் இவ்வளவு கருத்தோடு பேசியிருப்பது வியப்பிற்குரியது.

சென்னையிலிருந்து சென்ற ஊமத்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வரலாறு நம் மண்ணைத் தொடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். மூச்சிரைப்புக்கு ஊமத்தையை உலர்த்திப் புகைபிடிக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. ஆண்டர்சன் அதனை அறிந்து தாமும் பயன்படுத்திப் பலன் கண்டார். அவர் வழியாக இம்முறையை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்னும் படை அதிகாரி 1802ஆம் ஆண்டு அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்று எடின்பரோ மருத்துவர் ஒருவருக்குத் தெரிவித்தார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுவதும் ஊமத்தை இனச் செடிகளின் புகை, இரைப்புக்கும் இருமலுக்கும் மருந்தாகப் பரவியது. ஊமத்தைச் சுருட்டுகள் இருபதாம் நூற்றாண்டிலும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் என்னும் பொருள் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதனாலேயே அப்புகையால் மூச்சு இலகுவாயிற்று. ஆனால் அளவு சற்றே மிஞ்சினாலும் ஊமத்தை கொடிய நஞ்சு. மனமயக்கம், பிதற்றல், இதயப் படபடப்பு, மரணம் வரை கொண்டு செல்லும். எனவே வீட்டில் எவரும் இதனைச் சோதித்துப் பார்த்தல் கூடாது. அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கிய இப்ராட்ரோபியம் என்னும் பாதுகாப்பான மருந்து 1970களில் உறிஞ்சு மருந்தாக வந்தது. மருத்துவமனைகளில் நெபுலைசர் வழியாக இன்றும் அது தரப்படுகிறது.

நம் வீட்டுக் கொல்லையில் வளரும் ஆடாதோடைக்கும் இத்தகைய கதை உண்டு. உதகமண்டலத்தில் அரசு சின்கோனா ஆய்வாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888ஆம் ஆண்டு ஆடாதோடை இலையிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைத் தழுவி, புரோம்ஹெக்சின் என்னும் கோழை இளக்கும் மருந்து 1960களில் உருவாயிற்று. அதன் வழிவந்ததே இன்று பெரிதும் எழுதப்படும் அம்ப்ராக்சால். ஆயினும் இவற்றின் வேலை கோழையை இளக்குவதேயாகும். கோழையே இல்லாத ஒவ்வாமை வறட்டு இருமலுக்கு இவற்றால் பெரும்பயன் இல்லை என்பதை மறக்கலாகாது.

தம்மையே ஆய்ந்த மருத்துவர்கள்

ஊமத்தை மூச்சை இலகுவாக்கியது உண்மையே. ஆனால் நோய் எதனால் வருகிறது என்பதை அது சொல்லவில்லை. அவ்வினாவை மேலும் முன்னெடுத்தவர்கள் இருவர். இருவருமே மருத்துவர்கள், இருவருமே நோயாளிகள்.

இலண்டனில் வாழ்ந்த ஜான் போஸ்டாக், சிறு வயது முதல் ஒவ்வொரு கோடையிலும் கண் சிவந்து, தும்மல் பெருகி, நெஞ்சு இறுகி அவதியுற்றார். 1819ஆம் ஆண்டு தம் நோயையே ஒரு கட்டுரையாக எழுதி மருத்துவர் சங்கத்தில் வாசித்தார். இரத்தம் வடித்தல், பேதி மருந்து, அபின், குளிர்நீர்க் குளியல் எனக் கைக்கெட்டிய அனைத்தையும் செய்து பார்த்தும் அவருக்குக் குணம் கிடைக்கவில்லை. கடலோரத்தில் தங்கிய காலங்களில் மட்டும் நோய் தணிந்தது. வெயிலின் வெப்பமே காரணம் என்று அவர் எண்ணினார்.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. புல்லின் மகரந்தத் தூளைத் தம் மூக்கில் இட்டுப் பார்த்தார்; கையில் சிறு கீறல் செய்து தேய்த்து, அவ்விடம் தடித்து அரிப்பதைக் கண்டார். ஒட்டும் பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டங்களில் கட்டிப் பறக்கவிட்டு, வானத்தில் மகரந்தம் எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்றும் அளந்தார். 1873ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் ஐயத்திற்கிடமின்றி இவ்வுண்மையை நிலைநாட்டியது. இன்று ஒவ்வாமைச் சோதனை என்று மருத்துவமனைகளில் முன்கையில் சிறு குத்தல்கள் செய்யப்படுகின்றன அல்லவா? அதன் தொடக்கம் பிளாக்லியின் கையில் இட்ட அந்தக் கீறலே.

1906ஆம் ஆண்டு வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் ஃபான் பிர்கே, இந்நிலைக்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். வேறு, செயல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் நாம் சொல்லும் ‘ஒவ்வாமை’ அதனினும் தெளிவானது. பொருளில் குற்றமில்லை, உடலுக்கு அது ஒவ்வவில்லை என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. அதன் பின்னர் முன்னேற்றம் விரைந்தது. 1911இல் இலண்டனில் லெனார்டு நூன், மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியாக ஏற்றி உடலைப் பழக்கும் முறையை வெளியிட்டார். 1937இல் தானியல் போவே, ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தைக் கண்டறிந்து, பின்னர் 1957இல் நோபல் பரிசும் பெற்றார். 1960களில் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளே முக்கிய காரணம் என்று காட்டினர். அதே பத்தாண்டில் ஒவ்வாமையை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமும் அடையாளம் காணப்பட்டு, 1968இல் உலக சுகாதார நிறுவனத்தால் ‘ஐஜிஇ’ என்று பெயரிடப்பட்டது.

மதனப்பள்ளியில் கண்ட இருமல்

ஒவ்வாமை இருமலின் வரலாற்றில் நம் நாட்டிற்கே உரிய அத்தியாயம் ஒன்று உண்டு. இன்று ஆந்திர மாநிலத்திலும் அன்று சென்னை மாகாணத்திலும் இருந்த மதனப்பள்ளியில் புகழ்பெற்ற காசநோய் மருத்துவமனை ஒன்று இயங்கிவந்தது. அங்கே வந்த சிலருக்கு இரவில் கடும் இருமலும் இரைப்பும் இருந்தன, உடல் மெலிந்திருந்தது, எக்ஸ்ரே படத்தில் காசநோயைப் போன்ற புள்ளிகளும் தென்பட்டன. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மாறாக, ஒவ்வாமையில் பெருகும் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகுதியாக இருந்தன. அம்மருத்துவமனையின் ஃபிரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள் 1940இல் இதனைக் காசநோயன்று, காசநோய் போன்ற வேறொரு நோய் என்று எழுதினர். 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் இதற்கு ‘வெப்பமண்டல இயோசினோபிலியா’ என்று பெயரிட்டார்.

பின்னர் நடந்த ஆய்வுகளில் காரணம் வெளிப்பட்டது. கொசுக்கடியால் உடலில் புகும் யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்ள, அவற்றின் மீது உடல் காட்டும் மிகையான ஒவ்வாமையே இந்த இருமலாகும். யானைக்கால் நோய்க்குத் தரும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

இந்த அத்தியாயம் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, காசநோய் என்று எண்ணத்தக்க இருமல் ஒவ்வாமையாக இருக்கலாம். மற்றொன்று, ஒவ்வாமை என்று எண்ணிய இருமல் காசநோயாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இந்நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. நம்மூரில் எந்த இருமலையும் ‘எனக்கு ஈசினோபிலியா’ என்று சொல்லிப் பழைய மருந்துச் சீட்டையே காட்டி மாத்திரை வாங்கும் வழக்கம் இருக்கிறது. இரத்தத்தில் அவ்வணுக்கள் சற்று மிகுந்திருப்பது குடற்புழுவாலும், ஆஸ்துமாவாலும், தோல் ஒவ்வாமையாலும் நிகழக்கூடும். அந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்தல் தகாது.

ஹலப் நகரத்து மருத்துவர்

எகிப்திலும் அண்டை நாடுகளிலும் ‘கில்லா’ என்றொரு செடி உண்டு. அதன் உலர்ந்த பூங்காம்புகளைப் பல்குத்தும் குச்சிகளாகப் பயன்படுத்துவர். சிறுநீர்க் கல்லுக்கு நாட்டு மருந்தாகவும் அது நெடுங்காலம் வழங்கிவந்தது. இச்செடியிலுள்ள கெல்லின் என்னும் பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்துவதைக் கெய்ரோவின் ஆய்வாளர்கள் 1940களில் கண்டனர். ஆனால் குமட்டல் முதலிய தொல்லைகள் மிகுந்திருந்ததால் அதனை அப்படியே மருந்தாக்க இயலவில்லை.

சிரியாவின் ஹலப் நகரில் மருத்துவமனை நடத்திய ஆர்மீனியக் குடும்பம் ஒன்றில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர் ரோஜர் ஆல்டூனியன். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. கெல்லினைப் போன்று செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான புதிய பொருள்களை விலங்குகளிடம் சோதித்துப் பயனில்லை எனக் கண்ட அவர், தம் உடலையே சோதனைக்களம் ஆக்கிக்கொண்டார். சோதனைப் பொருளை முதலில் உட்கொள்வார். பின்னர்த் தமக்கு ஒவ்வாத கினிப்பன்றியின் ரோமச் சாற்றை வேண்டுமென்றே உறிஞ்சி, மூச்சு எவ்வளவு இறுகுகிறது என்று அளப்பார். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு தம்மை வருத்திக்கொண்டு, 1965ஆம் ஆண்டு சோடியம் குரோமோகிளைக்கேட் என்னும் மருந்தைக் கண்டார். போர்க்கால விமானியாகப் பெற்ற அறிவைக்கொண்டு, அம்மருந்துத் தூளை மூச்சோடு இழுப்பதற்குச் சுழல்விசிறி பொருத்திய சிறு கருவியையும் அவரே வடிவமைத்தார்.

இம்மருந்தின் தன்மை புதுமையானது. வந்துவிட்ட இறுக்கத்தை இது தளர்த்தாது. ஒவ்வாத பொருளைச் சந்திக்கும் முன்பே எடுத்துக்கொண்டால், ஒவ்வாமை அணுக்கள் வெடித்து ஹிஸ்டமினைச் சிந்தாதபடி தடுத்துவிடும். இருமல் வந்தபின் ஓடுவதைக் காட்டிலும் வராமல் காப்பதே சிறந்த சிகிச்சை என்னும் கருத்து இம்மருந்தினால் வலுப்பெற்றது. இன்று ஆஸ்துமாவில் இதனினும் ஆற்றல் மிக்க மருந்துகள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆயினும் கண் அரிப்பிற்கான சொட்டு மருந்தாக இது இன்றும் பயன்படுகிறது. உலகிற்கு இம்மருந்தை அளித்த ஆல்டூனியன் 1987இல் மறைந்தார்.

இரைப்பு இல்லாத ஆஸ்துமா

ஆஸ்துமா என்றால் இழுப்பும் மூச்சுத்திணறலும் இருக்கவேண்டும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1979ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான கொராவோ, பிராமன், இர்வின் ஆகியோர் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்நம்பிக்கையை மாற்றியது. அந்த அறுவருக்கும் இழுப்பு இல்லை. நாட்பட்ட இருமல் மட்டுமே இருந்தது. சாதாரண மூச்சுச் சோதனையில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் மூச்சுக்குழாயைத் தூண்டும் மருந்து ஒன்றை உறிஞ்சச் செய்தபோது, ஆஸ்துமா நோயாளியைப் போன்றே அவர்களது மூச்சுக்குழாய் சுருங்கியது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்ததும் இருமல் அடங்கியது. ‘இருமல் வகை ஆஸ்துமா’ என்று இன்று மருத்துவர்கள் சொல்வது இதனையே. பஜ்ரு வேளையில் ஸஃப்பில் நின்று இருமும் நம் சகோதரர்களுள் சிலருக்கு இருப்பதும் இதுவாகலாம்.

இந்நோயில் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஒவ்வாமையால் புண்பட்டதுபோல் சிவந்து வீங்கியிருக்கிறது. தூசியோ புகையோ குளிர்காற்றோ பட்ட மாத்திரத்தில் அது சினந்து இருமலை எழுப்புகிறது. இருமலை அடக்கும் மருந்தால் இவ்வீக்கம் தணிவதில்லை. ஆன்டிபயாடிக் கிருமிக்கே மருந்து. கிருமியே இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு மருந்து. அதனை மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் எலும்பும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கெடும். 1972ஆம் ஆண்டு பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, மூச்சோடு உறிஞ்சும் வடிவில் பிரிட்டனில் வந்தபோதுதான் இச்சிக்கல் பெருமளவு தீர்ந்தது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் தரும் மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகளில், நேரே மூச்சுக்குழாய்க்கே சென்று சேர்கிறது.

‘இன்ஹேலர் எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம்’, ‘கடைசிக் கட்டத்தில்தான் அது’ என்னும் அச்சங்கள் நம்மிடையே பரவலாக உள்ளன. இவை ஆதாரமற்றவை. இம்மருந்து போதை தருவதன்று. குறைந்த அளவில், தொடக்கத்திலேயே, மருத்துவர் சொன்ன காலம் வரை எடுப்பதே முறை. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். இல்லையேல் நாக்கில் வெண்படலம் படியக்கூடும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஸ்பேசர் என்னும் குழலுடன் இணைத்துத் தருவது நலம். உடனடியாக மூச்சை விரிக்கும் நீலநிறக் குழலை மட்டும் நம்பி, வீக்கம் தணிக்கும் மருந்தை விட்டுவிடுவது ஆபத்தானது. அவ்வாறு செய்யலாகாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டு முதல் வலியுறுத்துகிறது. துணை மருந்தாகத் தரப்படும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரையால் சிலருக்கு உறக்கக் கலக்கமும் மனச்சோர்வும் வரலாம் என 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஆதலால் அதனைத் தாமே வாங்கி உண்ணுதல் கூடாது.

புட்டியில் வந்த துயரம்

இருமல் என்றதும் புட்டியைத் தேடும் பழக்கம் எத்துணைக் கொடிய விலையைக் கேட்கும் என்பதை அண்மைக் காலம் நமக்குக் காட்டியது. 2022ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவில் தயாரான இருமல், சளி மருந்துகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதே நஞ்சினால் மாண்டனர். அந்த இருமல் மருந்து தயாரிக்கப்பட்டது நமது தமிழகத்திலேயே என்பது நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தியாகும். இக்குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு வந்திருந்தது தானே ஆறிவிடக்கூடிய சாதாரண உபாதையே.

இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக்கூடாது. ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கும் பொதுவாக அவை ஏற்றவையல்ல என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. தாய்மார்கள் இதனை மனத்தில் இருத்தவேண்டும்.

நம் இல்லங்களிலும் பள்ளிவாசலிலும்

அர்ராஸீயின் வினாவை இனி நம் வீட்டிலேயே கேட்கலாம். எங்கே, எப்போது, எதனால் இருமல் வருகிறது? ஒரு மாத காலம் ஒரு தாளில் குறித்துவந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

படுக்கையில்தான் இருமல் என்றால் தூசி உண்ணியை ஐயுறலாம். தலையணை உறை, போர்வை, விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துதல் வேண்டும். பழைய பஞ்சு மெத்தையும் தலையணையும் தூசி உண்ணியின் இருப்பிடங்கள். அவற்றையும் அடிக்கடி வெயிலில் போடவேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நன்று. மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சையை அகற்றவேண்டும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றின் புகை ஒவ்வாமை உள்ள மூச்சுக்குழாயைத் தூண்டிவிடும். நறுமணம் சுன்னத்தான ஒன்றே. எனினும் பக்கத்தில் ஒருவர் மூச்சிறுகி நிற்கும்போது புகையைத் தவிர்ப்பதும் நற்குணமேயாகும்.

பள்ளிவாசலின் விரிப்புகளும் இக்கணக்கில் சேரும். ஸஜ்தாவில் முகமும் மூக்கும் படும் இடம் அது. அவற்றை முறையாகத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்வதும், ஆள் இல்லாத நேரத்தில் அப்பணியை முடிப்பதும், வெயிலில் உலர்த்துவதும் ஜமாஅத்தின் பொறுப்புகளாகும். இதற்குத் தோள்கொடுக்க இளைஞர்கள் முன்வரவேண்டும்.

ரமலான் மாதத்தில் நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சி உறிஞ்சு மருந்தை அடியோடு நிறுத்தி, இரவில் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு. வீக்கம் தணிக்கும் மருந்தைப் பெரும்பாலும் ஸஹர் வேளையிலும் இஃப்தாருக்குப் பின்னரும் என அமைத்துக்கொள்ள முடியும். அதற்கு ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் காணவேண்டும். பகலில் அவசரமாக மருந்து தேவைப்படுவோரின் நிலை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. மூச்சுத் திணறும்போது மருந்தைத் தள்ளிப்போடுதல் மட்டும் ஒருபோதும் கூடாது.

சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எதுவொன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பல்கின் அறிஞருக்கு அர்ராஸீ எழுதியதும், பிளாக்லி தம் கையைக் கீறிக்கொண்டதும், மதனப்பள்ளி மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தை நம்பாமல் சளியை மீண்டும் சோதித்ததும், ஆல்டூனியன் தம் மூச்சையே பணயம் வைத்ததும் ஒன்றையே தேடியதால்தான். இருமலின் சத்தத்தை அடக்குவது அவர்களின் நோக்கமாக இருந்ததில்லை. அது எங்கிருந்து எழுகிறது என்பதையே அவர்கள் தேடினர். அவர்களின் உழைப்பால் கிடைத்த சிகிச்சை இன்று அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. அதனை அச்சமின்றிப் பெற்றுக்கொள்வதும், நம் குழந்தைகளுக்கு மருந்துக் கடையில் புட்டி வாங்கும் முன் ஒருமுறை சிந்திப்பதும் நம் கடமையாகும்.

அடுத்த மார்கழியில் ஸஃப்பில் நம் பக்கத்தில் நிற்பவர் இருமினால், தொழுகை முடிந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல், ‘எத்தனை நாளாக இருக்கிறது பாய்?’ என்று கேட்போம். சிகிச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.